ஆயாகிட்ட தோத்த நாலணா

1 ஆகஸ்ட் 2025, வெள்ளி

சேலம் அம்மாபேட்டை வீட்டுல, கைத்தறி இருந்த தறிக்குழிய மூடிட்டு டைல்ஸ் போடப் போறோம், அதுக்காக பரண்ல கெடந்ததெல்லாம் எறக்கியாச்சு. ஆயாவோட தகர டப்பா கெடச்சுது. உள்ள பித்தளை தாயக்கட்டை ரெண்டு, சோழி, கல்லு மாதிரி காஞ்சுபோன கொட்டப்பாக்கு, அடியில காண்டாமிருகம் போட்ட நாலணா, அதாவது இருபத்தஞ்சு பைசா காசுங்க. எம் பொண்ணு ஒண்ண எடுத்து திருப்பித் திருப்பி பாத்துட்டு இது எந்த நாட்டு காசுப்பான்னு கேட்டா. 2011 ஜூன் 30ஓட செல்லாம போச்சு பாப்பா, ஆனா இதுல முக்காவாசி என் காசுதான்னு சொன்னேன்.

நெசமாத்தான். 94, 95ல பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் தம்பியும் ராட்டைல ஒக்காந்து தறிக்கு தார் (நூல் சுத்துன குச்சி) சுத்தணும், பத்து தாருக்கு நாலணா. நூல் தளர்வா இருந்தா ஆயா தாரை விரலால அமுக்கிப் பாத்துட்டு அப்டியே நம்ம மடியில போட்ருவா, மறுபடி சுத்தணும், அதுக்கு காசு கெடையாது.

சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் முக்குக் கடைக்கு ஓட்டம். தேன் மிட்டாய் எனக்கு, கடிச்சா பாகு பிச்சுக்கிட்டு வரும், சட்டையில ஒழுகி காஞ்சு வெறப்பா நிக்கும், அடி வேற வாங்கணும். தம்பிக்கு கமர்கட்டு, ஏன்னா அது சீக்கிரம் கரையாது, பய அப்பவே கணக்குல கெட்டி. கேட்டா சட்டை நுனிய மேல போத்தி காக்கா கடி கடிச்சு கடுகளவு குடுப்பான்.

2 ஆகஸ்ட், சனி

பொண்ணுக்கு காட்டலாம்னு கமர்கட்டு தேடி அலைஞ்சேன். டப்பால அடைச்சு லேபிள் ஒட்டி வச்சிருக்காங்க, வாங்கித் தின்னா தேங்கா வாசமே இல்ல. அவ ஒண்ண துப்பிட்டா. அப்புறம் தட்டுவடை செட் வாங்கிக் குடுத்தேன், கேரட்டு பீட்ரூட்டு எல்லாம் சிந்தாம ரெண்டு தட்டுவடையையும் அமுக்கி ஒரே வாய்ல போட்டா, சேலத்துப் புள்ளதான், சந்தேகமே வேணாம்.

3 ஆகஸ்ட், ஞாயிறு, ஆடி 18

தம்பி குடும்பத்தோட வந்தான். சாப்ட்டு முடிச்சதும் சாக்பீஸால தரையில தாயம் போட்டோம் (நாளைக்கு டைல்ஸ்காரர் வந்துருவாரு, இதான் கடைசி). பசங்க போன்ல லூடோ ஆடுறதுனால பழம் எடுக்குறது புரியுது, ஆனா தாயம் (அதாவது ஒண்ணு), அஞ்சு, ஆறு, பன்னெண்டு விழுந்தா மறு ஆட்டம்னு சொன்னா அது என்ன பன்னெண்டுன்னு சண்டை. ரெண்டு கட்டையிலயும் வெறும் பக்கம் விழுந்தா பன்னெண்டு, அவ்ளோதாண்டா.

அந்தக் காலத்து ஞாயித்துக்கெழமைங்கள்ல காசு வச்சு ஆடுன தாயத்துல ஆயா எங்ககிட்ட எப்டி ஜெயிச்சான்னு இன்னிக்குத்தான் பேசி கண்டுபிடிச்சோம். கட்டைய ரெண்டு உள்ளங்கையிலயும் வச்சு கரகரன்னு தேய்ப்பா, ஆனா விடும்போது உருட்ட மாட்டா, அப்டியே வழுக்கி விடுவா, வேணுங்கற பக்கம் மேல நிக்கும். சனிக்கிழமை குடுத்த கூலி ஞாயித்துக்கெழமை ராத்திரி அவ சுருக்குப் பைக்கே திரும்பிரும், திங்கக்கெழமை அது வெத்தலையாகி வாயில இருக்கும். நாங்க ஏமாந்தோம்னு கூட தோணல, ஆயாவுக்கு ராசியான கைன்னு ஊர்ல எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டு திரிஞ்சோம்.

நான் அவ மாதிரி வழுக்கி விட்டுப் பாத்தேன், கட்டை பீரோ அடியில போயிருச்சு. தம்பி சிரிக்காம, "ண்ணா, ஆயாகிட்ட தோத்தப்ப எங்கிட்ட கடன் வாங்குனியே, ரெண்டே முக்கா ரூவா, ஞாபகம் இருக்கா"ன்னான். ஜிபேல மூணு ரூவா போடறேண்டான்னேன். வேணாமாம், காசா வேணுமாம். டப்பாவ தட்டி இருந்த நாலணாவ பூரா அவன் கையில கொட்டுனேன். ஒண்ணொண்ணா எண்ணுனான்.

"ஒம்போதுதான் இருக்கு. இன்னும் ரெண்டு."