பிளாஸ்மாவில் பிகே வைரஸ்

சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்களின் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்வது என் வேலை. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் வரும். அதைச் சுழற்றி பிளாஸ்மாவைப் பிரித்து, டிஎன்ஏ எடுத்து, பிசிஆர் ஓட்டி ஓர் எண்ணைக் கொடுக்க வேண்டும். அந்த எண்ணை நம்பித்தான் ஒருவருடைய மருந்தைக் குறைக்கிறார்கள். அதனால் எந்த ரிப்போர்ட்டிலும் இரண்டாவது முறை பார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

இந்த நோயாளிகளைப் படுத்துகிற வைரஸ்களில் பல வெளியிலிருந்து புதிதாக வருபவை அல்ல. சைட்டோமெகலோ வைரஸ் நம் நாட்டில் பெரும்பாலோருக்குச் சின்ன வயதிலேயே தொற்றி, உடம்பிலேயே தங்கிவிடுகிறது. பிகே வைரஸும் அப்படித்தான். அது குடியிருப்பதே சிறுநீரகத்திலும் சிறுநீர்ப் பாதையிலும். புதுச் சிறுநீரகத்தை உடல் ஏற்றுக்கொள்ள டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், ஸ்டீராய்டு என்று கொடுத்து எதிர்ப்புச் சக்தியை அடக்குகிறோம். அடக்கியதும் இவை தலைதூக்குகின்றன. சைட்டோமெகலோவுக்காவது வால்கான்சிக்ளோவிர் இருக்கிறது. பிகேவுக்கு இன்றுவரை நிரூபணமான மருந்து இல்லை. அடக்கும் மருந்தைக் குறைத்து, உடம்பே அதைச் சமாளிக்க விட வேண்டியதுதான்.

சிக்கல் இங்கேதான். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதபோது ரத்தத்தில் சேரும் கழிவான கிரியாட்டினின் ஏறுகிறது என்றால் காரணம் வைரஸாகவும் இருக்கலாம், உடல் சிறுநீரகத்தை நிராகரிப்பதாகவும் இருக்கலாம். முதலாவதற்கு மருந்தைக் குறைக்க வேண்டும். இரண்டாவதற்குக் கூட்ட வேண்டும். மாற்றிச் செய்தால் சிறுநீரகம் போய்விடும். பயாப்சி எடுத்துப் பார்த்தாலும் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி அழற்சியாகத் தெரிவது உண்டு.

1971-இல் லண்டனில் சில்வியா கார்ட்னரும் உடன் இருந்தவர்களும் இந்த வைரஸை முதன்முதலில் கண்டதும் ஒரு சிறுநீரக மாற்று நோயாளியின் சிறுநீரில்தான். அந்த நோயாளியுடைய பெயரின் முதலெழுத்துகளே வைரஸின் பெயராகிவிட்டன. இந்தியாவில் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று வேலூரில் நடந்ததும் அதே வருடம். கார்ட்னர் குழுவினர் அந்தச் சிறுநீரில் பார்த்தது போன்ற செல்களை இப்போதும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம். உட்கரு பெரிதாக ஊதி, தேய்த்த கண்ணாடி போல் மங்கலாக, செல் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கும். புற்றுநோய் செல் என்று ஏமாந்துபோகிற அளவுக்கு இருப்பதால் இவற்றை 'டிகாய் செல்', அதாவது ஏமாற்றும் செல், என்கிறார்கள்.

ஒரு நாள் மகனுக்குச் சிறுநீரகம் கொடுத்த ஓர் அம்மா ரிப்போர்ட் வாங்க வந்திருந்தார். மகனுக்கு பிகே எண் ஏறியிருந்தது. யாரோ என்னவோ சொல்லியிருக்கிறார்கள். "ஏம்மா, என் கிட்னியில இருந்துதான் இந்தக் கிருமி அவனுக்குப் போச்சா?" என்று கேட்டார். கொடுப்பவரின் சிறுநீரகத்தோடு இந்த வைரஸ் வருவது உண்மைதான். இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "இருக்கலாம்மா. ஆனா இது எங்கிட்டயும் இருக்கும், உங்க டாக்டர்கிட்டயும் இருக்கும். நீங்க கொடுக்கலைன்னா தம்பி இன்னிக்கும் டயாலிசிஸ்லதான் இருந்திருப்பாரு" என்றேன். அப்புறம் மருந்தைக் குறைத்த பிறகு எண் எப்படி இறங்கும் என்று தாளில் கோடு போட்டுக் காட்டினேன். வாரங்கள் ஆகும், சில பேருக்கு மாதங்களும் ஆகும் என்றேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

அந்தக் கோடுதான் முக்கியம். போன முறை 8,000 காப்பி, அதாவது வைரஸ் டிஎன்ஏ பிரதிகள், இந்த முறை 15,000 என்றால் வீட்டில் பதறுவார்கள். பிசிஆரில் மூன்று மடங்குக்கும் குறைவான வித்தியாசத்தை மாற்றம் என்றே எடுத்துக்கொள்ளக் கூடாது. லேப் மாறினால் எண்ணும் மாறும். உலக சுகாதார அமைப்பின் பொது அளவுகோல் வந்த பிறகும் இந்தச் சிக்கல் முழுதாகத் தீரவில்லை. எந்த லேப்பில் ஆரம்பித்தார்களோ அங்கேயே தொடர்ந்து பாருங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்வேன். முதல் ஒன்பது மாதம் மாதாமாதம், பிறகு இரண்டு வருடம் வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளாஸ்மா பார்க்கச் சொல்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள். கைக்காசு போட்டுச் செய்பவர்கள், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். ஆரம்பத்தில் பிகே எந்தத் தொந்தரவும் தராது, காய்ச்சல்கூட வராது. கிரியாட்டினின் ஏறிக் கண்டுபிடிப்பதற்குள் பாதி சேதம் நடந்திருக்கும். மாற்று அறுவைக்குக் கிடைக்கும் காப்பீடு இந்தச் சோதனைக்கும் கிடைக்க வேண்டும்.

இப்போது என்னை இழுத்துக்கொண்டிருப்பது டார்க் டீனோ வைரஸ். இதனால் எந்த நோயும் வருவதாகத் தெரியவில்லை. ஏறக்குறைய எல்லார் ரத்தத்திலும் இருக்கிறது. எதிர்ப்புச் சக்தி எவ்வளவு அடங்கியிருக்கிறதோ அவ்வளவு பெருகும். டாக்ரோலிமஸ் அளவு ரத்தத்தில் மருந்து எவ்வளவு என்று சொல்கிறதே தவிர, எதிர்ப்புச் சக்தி எவ்வளவு மிச்சம் என்று சொல்வதில்லை. இந்த வைரஸைப் பார்த்து மருந்தின் அளவை முடிவு செய்யலாமா என்று ஐரோப்பாவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து சோதித்து வந்திருக்கின்றன. பிகே ஏறியவர்களின் பழைய பிளாஸ்மா எங்கள் ஃப்ரீசரில் இருக்கிறது. அவர்களுக்கு பிகே ஏறும் முன்பே டார்க் டீனோ ஏறியிருந்ததா என்று பார்க்க, நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.