ஹாஃப் டைமில் உட்கார வைத்த பையன்

ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவே ஒரு கல்லூரியில் நான் பி.டி. பதவியின் பெயர் உடற்கல்வி இயக்குநர். வேலை என்னவோ சுண்ணாம்புப் பொடியில் கோடு போடுவதில் தொடங்கி, போக்குவரத்துக் காசு கேட்டு அலுவலகப் படியேறுவது வரை. கால்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் நான், துணைப் பயிற்சியாளர் நான், முழங்காலுக்கு ஐஸ் வைப்பவனும் நான்தான். இப்படிப்பட்ட ஆள், அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் கோச் நிக் சேபனைப் பற்றி எழுதுவது கொஞ்சம் அதிகம்தான். அலபாமாவில் வேலை பார்க்கும் அக்கா மகன், “மாமா, இந்த கோச்சை அவசியம் பாருங்க” என்று வீடியோவாக அனுப்பித் தள்ளி என்னை இழுத்துவிட்டுவிட்டான்.

அங்கே ஆடுவது நம் ஆட்டம் அல்ல. நீள்வட்டப் பந்து, தலையில் ஹெல்மெட், பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடலாம், எறியலாம். விதி முழுசும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் படிக்க வந்த பையன்களை வைத்து டீம் கட்டுகிற தொழிலில் எனக்கும் அவருக்கும் சம்பளம் மட்டும்தான் வேறு. சரி, இன்னும் சிலதும் வேறு.

சேபன் 1951இல் மேற்கு வர்ஜீனியாவில், நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் பிறந்தவர். அப்பாவுக்குப் பெட்ரோல் பங்க். ஊர்ப் பொடியன்கள் டீமுக்கு அவரே கோச். பங்கில் மகனுக்குக் கார் கழுவும் வேலை. துடைத்த காரில் ஒரு கோடு தெரிந்தாலும் மறுபடி முதலிலிருந்து கழுவ வேண்டும். கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்து ஆடிய பிறகு கோச் ஆகும் எண்ணமே இல்லையாம். மனைவி படிப்பை முடிக்கட்டும் என்று காத்திருந்த நேரத்தில் அங்கேயே உதவிப் பயிற்சியாளராக ஒட்டிக்கொண்டார். 1990இல் டொலீடோவில் முதல் முறையாகத் தலைமைப் பயிற்சியாளர், ஒரே ஒரு சீசன். 1995 முதல் மிச்சிகன் ஸ்டேட். 2000இல் எல்.எஸ்.யு. என்கிற லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம், அங்கே 2003 சீசனில் தேசியக் கோப்பை. நடுவில் மியாமி டால்ஃபின்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் போய் இரண்டு வருடம் சரிப்படவில்லை. 2007இல் அலபாமா, எட்டு வருடத்துக்கு 3.2 கோடி டாலர். எங்கள் பயணப்படி பில்லை நினைத்துக்கொண்டு அந்த எண்ணை இரண்டு முறை படித்தேன். அலபாமாவில் மட்டும் ஆறு தேசியக் கோப்பை, மொத்தம் ஏழு.

எனக்கு வேண்டியிருந்தது கோப்பைக் கணக்கு அல்ல. மிச்சிகன் ஸ்டேட்டில் மனநல மருத்துவப் பேராசிரியர் லயனல் ரோசன் அவருக்கு ஒன்று சொல்லிக் கொடுத்தார்: ஒரு முறை பந்து நகர்ந்து நிற்க ஏறக்குறைய ஏழு விநாடி, ஸ்கோர்போர்டை மறந்துவிட்டு அந்த ஏழு விநாடியை மட்டும் ஆடச் சொல்லுங்கள். 1998இல் முதலிடத்தில் இருந்த ஒஹாயோ ஸ்டேட்டிடம் 24–9 என்று பின்தங்கியிருந்து 28–24 என ஜெயித்தார்கள். நானும் என் பையன்களிடம் முயன்றேன். நம் ஆட்டம் நிற்காமல் ஓடுவது, அப்படியே பொருந்தாது. கார்னர் கிக்குக்கு மட்டும் பொருந்தியது. எங்கள் கிரவுண்டில் ஆடி மாதக் கச்சான் அடிக்கும்போது உயரப் போன பந்து எங்கே இறங்கும் என்று அடித்தவனுக்கே தெரியாது. “கோல் எத்தனைன்னு பார்க்காத, பந்து கிளியர் ஆகுற வரைக்கும் உன் ஆளை விடாத” என்று சொன்னால் தடுப்பாட்டக்காரன் நிற்கிறான். அப்புறம் மறந்துவிடுகிறான். பந்து வேலியோரம் போய்ச் சீமைக்கருவேல முள்ளில் குத்தினால் அதோடு அன்றைய பாடம் முடிந்தது.

சேபன் ஓரத்தில் நின்று பையன்களைத் திட்டும் வீடியோக்கள் எனக்குப் பிடிக்கவில்லை. இங்கே அதெல்லாம் எடுபடாது. கீழக்கரைப் பையனைப் பத்துப் பேர் முன்னால் அப்படிக் கத்தினால், மறுவாரம் துபாயில் இருக்கும் காக்காவிடமிருந்து (அங்கே அண்ணனைக் கூப்பிடுவது அப்படித்தான்) அவனுக்கு விசா வந்துவிடும். அங்கேயும் 2021 முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம், ஒரு வருடம் சும்மா உட்காராமல் வேறு கல்லூரிக்கு மாறலாம் என்று ஆனது. 2024 ஜனவரியில், 72 வயதில், சேபன் ஓய்வு பெற்றார்.

நான் திரும்பத் திரும்பப் பார்த்தது 2018 ஜனவரி 8 இறுதி ஆட்டம். அட்லாண்டாவில், ஜார்ஜியாவுக்கு எதிராக. ஹாஃப் டைமில் 13–0 என்று அலபாமா பின்னால். இரண்டு சீசனாக ஜெயித்துக் கொடுத்த குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன்) ஜேலன் ஹர்ட்ஸை உட்கார வைத்துவிட்டு, முதல் வருடப் பையன் டுவா டாகோவைலோவாவை இறக்கினார். கூடுதல் நேரத்தில் 26–23 என்று ஜெயித்தார்கள். எல்லாரும் டுவா எறிந்த கடைசிப் பந்தைத்தான் காட்டுகிறார்கள். நான் ஹர்ட்ஸைத்தான் தேடினேன். அவன் ஓடி வந்து சின்னவனைக் கட்டிப்பிடிக்கிறான்.

என் கதை அவ்வளவு பெரியது இல்லை. மண்டபத்துப் பையன் என் கோல்கீப்பர். சனிக்கிழமை அப்பாவோடு விசைப்படகில் போனால் ஞாயிறு காலைதான் கரை. ஒரு ஞாயிறு ஆட்டத்துக்கு அப்படியே வந்து நின்றான். கண் சிவந்திருந்தது, கயிறு அறுத்த உள்ளங்கையில் உப்பு ஏறி வெளுத்திருந்தது. அந்தக் கையில் க்ளவ்ஸை இழுத்துப் போடும்போதே முகம் சுளித்தான். முதல் பாதியில் கைக்குள் வந்த இரண்டு பந்தை விட்டான். ஹாஃப் டைமில் அவனை உட்கார வைத்தேன். முதல் வருடத்துப் பெரியபட்டினத்துப் பையன் நின்றான், டை-பிரேக்கரில் ஜெயித்தோம். மறுநாள் மண்டபத்தான் பிராக்டிஸுக்கு வரவில்லை.

ஹர்ட்ஸ் அந்த வருடம் கல்லூரி மாறவில்லை. 2018 டிசம்பரில் அதே ஸ்டேடியம், அதே ஜார்ஜியா. டுவாவுக்குக் காயம், 28–21 என்று பின்தங்கிய நிலையில் ஹர்ட்ஸ் இறங்கி 35–28 என்று முடித்துக் கொடுத்தான். அதன் பிறகுதான் படிப்பை முடித்த டிகிரியோடு ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துக்குப் போனான். 2025இல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் என்ற தொழில்முறை அணிக்கு சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தை வென்று சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கினான். ஏழு கோப்பையைவிட, உட்கார வைத்தவனை ஒரு வருடம் டீமிலேயே தக்க வைத்ததைத்தான் சேபனின் பெரிய காரியமாக நான் நினைக்கிறேன். அதில் பாதி அந்தப் பையனின் குணம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பஸ் ஏறி மண்டபம் போனேன். வடகடல் பக்கம் பையனின் அப்பா வலை பொத்திக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே பேசினார்.

“சனிக்கிழமை அவன் வராட்டி படகுக்கு ஆள் குறையுது சார். மத்த நாளு நீங்களே வச்சுக்கங்க.”

“அவன் வருவானா, அண்ணே?”

“உங்க மேல கோவமெல்லாம் இல்ல. கை ஆறட்டும்னு கெடக்கான்.”

உள்ளேயிருந்து பையன் வந்து நின்றான். புதுப் பையன் கார்னருக்கு முன்னால் ஏறி வருகிறான், கோல் காலியாகிறது, அதை யாராவது சொல்லிக் கொடுக்கணும் என்று அவனே ஆரம்பித்தான். நீயே சொல்லிக் கொடு என்றேன். இப்போது ஞாயிறு ஆட்டம் என்றால் பெரியபட்டினத்தான், மற்ற நாள் ஆட்டமென்றால் இவன். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் யார் நிற்பது என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை.