லாரிகள் போகிற பக்கம்

இன்று காலை, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள ஓக்லாண்டில், 880 நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டேன். முன்னால் கண்டெய்னர் லாரி, பக்கத்தில் கண்டெய்னர் லாரி. பாதிக்கு மேல் துறைமுகத்துக்குப் போகிறவை.

ஊரின் மறுபக்கம், குன்றுகளை ஒட்டி ஓடுகிற 580 நெடுஞ்சாலையில் இந்தக் காட்சியே கிடையாது. நாலரை டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு அங்கே பல பத்தாண்டுகளாகத் தடை. வசதியானவர்கள் குடியிருக்கும் பக்கம் அது. புகையெல்லாம் இந்தப் பக்கம்.

இந்தப் பக்கம் இருக்கும் மேற்கு ஓக்லாண்ட், தலைமுறைகளாகக் கறுப்பின மக்கள் வாழும் பகுதி. தங்கள் தெருக்களில் எத்தனை லாரி போகிறது என்று அவர்களே நின்று எண்ணியிருக்கிறார்கள்.

2017இல் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர்களோடு சேர்ந்து, காற்றில் உள்ள கரியை அளக்கும் 100 கருவிகளை வீட்டு வாசல்களிலும் கடைகளிலும் மாட்டினார்கள். 100 நாள் அளந்தார்கள்.

கருவிக்குள் ஒரு சின்ன வெள்ளை வடிகட்டி. காற்றை உறிஞ்ச உறிஞ்ச டீசல் கரி படிந்து கறுத்துக்கொண்டே வரும். எவ்வளவு கறுக்கிறதோ, அந்த வாசலில் அவ்வளவு கரி. தெருவுக்குத் தெரு அளவு மாறியது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 2019இல் அந்தப் பகுதியின் காற்று மாசைக் குறைக்கும் திட்டத்தை அரசின் காற்றுத்தர அமைப்பும் அங்குள்ள மக்கள் அமைப்பும் சேர்ந்தே எழுதின.

எண்ணூரில் சாம்பலோடு வாழ்கிறவர்களின் வாசலிலும் இப்படிக் கருவிகள் தொங்க வேண்டும். நம் பல்கலைக்கழகங்கள் போய் அந்தக் கதவுகளைத் தட்டட்டும்.