எனக்கு வாக்கு இருந்தது, ஒல்லாந்து அக்காவுக்கு இல்லை

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வேறொரு ஐரோப்பிய நாட்டில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து சேர்ந்தவர்களை அந்த நாட்டின் பெயராலேயே கூப்பிடுவார்கள். ஹரோவில் எங்கள் தெருவில் மட்டும் ஒரு ஜேர்மன் மாமா, ஒரு பிரான்ஸ் அண்ணை, ஒரு ஒல்லாந்து அக்கா இருந்தார்கள். மூவருக்கும் சொந்த ஊர் யாழ்ப்பாணம்தான். ஒல்லாந்து அக்கா தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அகதியாகப் போய், டச்சு மொழி படித்து, அந்த நாட்டுக் கடவுச்சீட்டும் எடுத்து, 2006இல் கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் இங்கே வந்தவர். ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் மூன்று காரணம் சொல்லுவார்: பிள்ளைகளுக்கு ஆங்கிலம், திருவிழாவுக்குக் கோயில், நல்ல முருங்கைக்காய்.

நான் வந்தது 2014 தை மாதம், மனைவி விசாவில். அந்த விசாவின் கதையைச் சொல்லாமல், பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரெக்சிட்டைப் பற்றி எனக்குப் பேசத் தெரியாது.

என் கணவர் பிரித்தானியக் குடியுரிமை பெற்றவர். 2012 ஜூலையில் வந்த விதிப்படி, அவரைப் போன்றவர்கள் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து மனைவியைக் கூப்பிட ஆண்டுக்கு 18,600 பவுண் உழைக்கவேண்டும். பலசரக்குக் கடையின் பகல் வேலைக்கு அந்தத் தொகை எட்டவில்லை. பெற்றோல் நிலையம் ஒன்றில் இரவு வேலையும் எடுத்தார். ஆறு மாதச் சம்பளத் துண்டுகளும் அதே ஆறு மாத வங்கிக் கணக்கும் ஒன்றோடொன்று பிசகாமல் பொருந்தவேண்டும். ஒரு மாதம் முதலாளி சம்பளத்தைக் கையில் காசாகக் கொடுத்துவிட்டார். இவர் அதில் வாடகையைக் கட்டிவிட்டு மிச்சத்தை வங்கியில் போட்டார். அந்த ஒரு மாதத்தைப் பிடித்துக்கொண்டு மறுத்துவிட்டார்கள். மறுபடியும் முதலிலிருந்து ஆறு மாதம். நான் கொழும்புக்குப் போய் ஆங்கிலச் சோதனை எழுதிவிட்டு வந்து, அம்மாவின் வீட்டில் காத்திருந்தேன். தாலி கட்டிப் பதினான்கு மாதம் கழித்துத்தான் விமானம் ஏறினேன். ‘இன்னும் போகவில்லையா?’ என்று கேட்காத ஆள் எங்கள் ஒழுங்கையில் இல்லை.

நான் வந்து சில மாதங்களில் ஒல்லாந்து அக்காவின் தம்பி ஊருக்குப் போய்க் கலியாணம் செய்தான். அவனிடமும் டச்சுக் கடவுச்சீட்டு. ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன் ஒருவன் வேறொரு ஒன்றிய நாட்டில் வேலை செய்தால், மனைவியைக் கூட்டி வருவது அவனுடைய உரிமை. வருமான எல்லை இல்லை, ஆங்கிலச் சோதனை இல்லை, விண்ணப்பக் கட்டணம்கூட இல்லை. ஏழாம் கிழமை பெண் ஹீத்ரோவில் வந்து இறங்கினாள். கூட்டி வரப் போனது நாங்கள்தான். அக்காவின் கார் பழுதாகியிருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் இவர் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது சொன்னார்: ‘நான் இந்த நாட்டுக் குடிமகன். அவன் விருந்தாளி. விருந்தாளிக்குத் தலைவாழை இலை, வீட்டுக்காரனுக்குத் தையல் இலை.’

பிரெக்சிட் என்பது வெள்ளைக்காரக் கிழவர்களின் கோபம் என்று யாராவது எழுதினால், எனக்கு அந்தச் சப்பாத்துதான் நினைவுக்கு வரும்.

ஒன்றியத்தில் தங்குவதா, வெளியேறுவதா என்று மக்களைக் கேட்கும் வாக்கெடுப்பு வந்தது. 2016 வைகாசி, ஆனி மாதங்களில் இவருடைய கடையில் வேறு பேச்சே இல்லை. வாரத்துக்கு 350 மில்லியன் பவுணை ஒன்றியத்துக்கு அனுப்புகிறோம், அதை மருத்துவச் சேவைக்குக் கொடுப்போம் என்று எழுதிய சிவப்பு பஸ்ஸை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்திருந்தோம். எங்கள் ஆட்களைப் பிடித்தது அந்த பஸ் இல்லை. அப்போது அமைச்சராக இருந்த பிரீத்தி பட்டேல், கறி உணவகங்களைக் காப்பாற்ற வெளியேறுங்கள் என்று ஒரு பிரசாரம் செய்தார். ஐரோப்பியர்களுக்குத் திறந்து கிடக்கும் கதவைச் சாத்தினால் தெற்காசியச் சமையற்காரர்களுக்கு இடம் கிடைக்கும் என்பது அதன் சாரம். சமையற்காரனுக்குக் கிடைத்தால் மச்சானுக்கும் மருமகளுக்கும் கிடைக்காதா என்று மிச்சத்தை எங்கள் ஆட்களே சேர்த்துக்கொண்டார்கள். அப்படி யாரும் வாக்குறுதி தரவில்லை. ஆசைக்கு வாக்குறுதி எதற்கு?

ஜேர்மன் மாமா மட்டும் கடையில் நின்று சண்டை பிடித்தார். ‘அகதிகளின் வரிசையைப் படம் பிடித்துச் சுவரொட்டி அடிக்கிறான். அந்த வரிசையில் நிற்கிறவன் ஐரோப்பியனா? நீயும் நானும் நின்ற வரிசையடா அது!’ என்றார். வெளியேறவேண்டும் என்ற கட்சியின் தலைவர் நைஜல் பராஜ் வெளியிட்ட அந்தச் சுவரொட்டியில், 2015இல் ஸ்லோவேனியா எல்லையில் நடந்து வந்த அகதிகள் இருந்தார்கள். அது வெளியான ஜூன் 16ஆம் தேதியே நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ கொக்ஸ் யோர்க்‌ஷயரில் தன் தொகுதி மக்களைச் சந்திக்கப் போன இடத்தில் கொல்லப்பட்டார். அன்று மாலை கடையில் பேச்சு நின்றது. இரண்டு நாளில் மறுபடியும் தொடங்கிவிட்டது.

யாருக்கு வாக்கு, யாருக்கு இல்லை என்பதுதான் இதில் பெரிய வேடிக்கை. பிரித்தானியாவில் சட்டப்படி வசிக்கும் பொதுநலவாய (கொமன்வெல்த்) நாட்டவர்கள் வாக்களிக்கலாம். இலங்கை பொதுநலவாயத்தில் இருக்கிறது. ஆகவே வந்து இரண்டரை ஆண்டுகூட முழுதாக ஆகாத, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்த எனக்கு வாக்கு இருந்தது. தொலைபேசி ஒப்பந்தம் எடுக்க உதவும் என்று வாக்காளர் பதிவில் பெயர் சேர்த்திருந்தேன்; அதன் பலன் இப்படி வந்தது. பத்து ஆண்டு இங்கே இருந்து வரி கட்டிய ஒல்லாந்து அக்காவுக்கு இல்லை. ஜேர்மன் மாமாவுக்கு இல்லை. ஒன்றிய நாட்டவர்களில் அயர்லாந்து, மால்டா, சைப்பிரஸ்காரர்களுக்கு மட்டும் இருந்தது. அக்கா பிரித்தானியக் குடியுரிமை எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எடுத்தால் டச்சுக் குடியுரிமை போய்விடும். பொதுவாக இரண்டையும் வைத்திருக்க அந்த நாடு விடாது.

இவருடைய பெரியப்பாவுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. வாக்குச்சாவடிக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனோம். அன்று, ஜூன் 23, லண்டனில் மழை அடித்து ஊற்றியது. சில இடங்களில் தெருக்களில் வெள்ளம். பள்ளிக்கூட மண்டபத்தில் குடைகளிலிருந்து நீர் வடிந்து தரையெல்லாம் வழுக்கியது. நூலில் கட்டிய பென்சிலைப் பெரியப்பா தூக்கிப் பார்த்தார். ‘எங்கள் ஊரில் பிரிந்துபோக வேண்டும் என்று சொல்வதே 1983இலிருந்து சட்டப்படி குற்றம். இங்கே பிரியலாமா என்று பென்சிலும் தந்து கேட்கிறார்கள்’ என்றார். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மையார் என்ன சொல்கிறார் என்று கேட்டார். மழையைப் பற்றி என்றேன்.

தடுப்புக்குள் போனதும் எனக்கு நினைவுக்கு வந்தது மீன்பிடியோ, இறைமையோ, பிரசல்ஸோ இல்லை. பதினான்கு மாதம். ஒழுங்கையில் கேட்ட கேள்வி. வெளியேறு என்பதற்கு நேரே புள்ளடி போட்டேன். இவரும் அதற்குத்தான் போட்டார். பெரியப்பா எதற்குப் போட்டார் என்பதைக் கடைசிவரை சொல்லவில்லை.

முடிவு உங்களுக்குத் தெரியும். 51.9 சதவீதம் வெளியேறு, 48.1 சதவீதம் தங்கு. ஹரோ தங்கு என்றது; அடுத்த வட்டாரமான ஹில்லிங்டன் வெளியேறு என்றது. காலையில் பிரதமர் டேவிட் கமரூன் விலகுவதாகச் சொன்னார். பவுணின் விலை விழுந்தது. ஊருக்குக் காசு அனுப்பும் இடத்துப் பலகையைப் பார்த்துவிட்டு இவர் தலையைச் சொறிந்தார். அந்த வார இறுதியில் ஹமர்ஸ்மித்தில் உள்ள போலந்துக் கலாசார நிலையத்தின் முகப்பில் யாரோ வசை எழுதிவிட்டுப் போனார்கள். 140ஆம் இலக்க பஸ்ஸில் போலந்துக்காரி ஒருத்தி தன் மொழியில் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தாள். பின்னிருக்கையிலிருந்து ஒருவர் ‘எப்போது கிளம்புகிறாய்?’ என்றார். பிறகு என்னைப் பார்த்து, ‘உன்னைச் சொல்லவில்லை. நீங்கள் பொதுநலவாயம்’ என்றார். நான் சிரித்தேன் என்பதுதான் வெட்கம். அடுத்த கிழமை கார் தரிப்பிடத்தில் என்னைப் பார்த்து ஊருக்குப் போ என்று கத்திய பையனுக்கு நான் பொதுநலவாயம் என்று யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை.

மூன்று ஆண்டு இழுபறி. 2019 மார்ச் 29 என்றார்கள், பிறகு வேறு தேதி, பிறகு இன்னொன்று. அந்த 2019 கோடையில்தான் ஒல்லாந்து அக்கா என் வீட்டுக்கு தாள்கள் அடுக்கிய ஒரு பிளாஸ்டிக் கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஐரோப்பியர்கள் தொடர்ந்து இருப்பதற்கு விண்ணப்பிக்கவேண்டும், அதற்கு ஒரு செயலி. அக்காவின் தொலைபேசியில் அது வேலை செய்யாது. என்னுடையதில் வேலை செய்யும்.

கடவுச்சீட்டின் படப் பக்கத்தைப் படம் பிடிக்கவேண்டும். பிறகு தொலைபேசியைக் கடவுச்சீட்டின்மேல் வைத்து உள்ளே இருக்கும் மின்சில்லைப் படிக்க விடவேண்டும். படிக்கவில்லை. உறையைக் கழற்றினோம், படிக்கவில்லை. மேசையிலிருந்து நாற்காலிக்கு மாற்றினோம், படிக்கவில்லை. கடைசியில் அக்கா கடவுச்சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வைத்தார்; படித்தது. முகத்தைக் காட்டும்போது திரையில் பச்சையும் நீலமும் மாறி மாறி மின்னின. ‘சூரன்போர் பார்க்கிற மாதிரி இருக்கிறது’ என்றார்.

அடுத்ததாகக் கணினி அவருடைய வரிப் பதிவைப் பார்த்தது. அக்கா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தவர். நடுவில் படுக்கையில் விழுந்த மாமியாரைப் பார்க்க ஐந்து ஆண்டு வீட்டில் இருந்தார். அந்த ஐந்து ஆண்டும் கணினிக்குத் தெரியவில்லை. பதின்மூன்று ஆண்டு இருந்தவருக்கு, ஐந்து ஆண்டு தொடர்ந்து இருந்ததற்குச் சான்று போதாது, வேண்டுமானால் தற்காலிக நிலை தருகிறோம் என்றது. அதை ஏற்கக் கூடாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. கோப்பைத் திறந்தோம். வைத்தியரின் கடிதங்கள், வீட்டு வரித் துண்டுகள், பிள்ளைகளின் பள்ளிக்கூட அறிக்கைகள். ஆண்டுவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றாகப் படம் பிடித்து ஏற்றினோம். 2014 மாசிக்கு ஒரு தாளும் அகப்படவில்லை. நான் அந்த மேசையில் இருந்துகொண்டு இவருடைய ஆறு சம்பளத் துண்டுகளை நினைத்தேன்.

‘அக்கா, நான் அன்றைக்கு வெளியேறு என்றுதான் போட்டேன்’ என்றேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவர் தாளிலிருந்து நிமிரவில்லை. ‘எனக்கு வாக்கு இருந்திருந்தால் நானும் அதற்குத்தான் போட்டிருப்பேன், பிள்ளை. ருமேனியாக்காரிகள் வந்த பிறகு சமையலறையில் எனக்கு எத்தனை மணித்தியாலம் குறைந்தது தெரியுமா?’ என்றார். பிறகு, ‘மாசியில் பெரியவனுக்குக் கை முறிந்தது. ஆசுப்பத்திரிக் கடிதம் இருக்கவேண்டும். தேடு’ என்றார்.

இருந்தது. ஐந்து கிழமையில் நிரந்தர நிலை வந்தது. அட்டை எதுவும் கிடையாது; மின்னஞ்சலில் ஒரு கடிதம் மட்டும். அதிலேயே இந்தக் கடிதம் உங்கள் நிலைக்குச் சான்றாகாது என்று எழுதியிருந்தது. அக்கா அதை அச்சடித்து, லமினேட் செய்து, கைப்பையில் வைத்துக்கொண்டார். அதே ஆண்டின் இறுதியில் எனக்கும் பிரித்தானியக் கடவுச்சீட்டு கிடைத்தது. பழைய சிவப்பு நிறம்தான், அட்டையில் ஐரோப்பிய ஒன்றியம் என்ற சொல் மட்டும் இல்லை.

கதவைச் சாத்தியதன் கணக்கை இப்போது பார்க்கிறேன். குடியேற்றம் குறையும் என்றார்கள். 2023 ஜூன் வரையான ஓராண்டில் நிகரக் குடியேற்றம் 9 இலட்சம். அதைக் குறைக்க 2024 சித்திரையில், மனைவியைக் கூப்பிட வேண்டிய வருமானத்தை 29,000 பவுணாக உயர்த்தினார்கள். இவருடைய தங்கையின் மகன் பொருட்கிடங்கில் வேலை செய்கிறான், இங்கேயே பிறந்தவன். பெண் ஊரில் காத்திருக்கிறாள். ஒல்லாந்து அக்காவின் மூத்தவனுக்கும் ஊரில் பெண் பார்க்கிறார்கள். புதிதாகக் கலியாணம் செய்கிற ஐரோப்பியர்களுக்கும் இப்போது அதே விதி. ‘சமம் வந்துவிட்டது’ என்று இவரிடம் சொன்னேன். இவர் சிரிக்கவில்லை.

2022 கோடையில் இரண்டு குடும்பமும் ஒரே வான் வண்டியில் ஒல்லாந்துக்கு ஒரு கலியாணத்துக்குப் போனோம். டோவரில் பிரெஞ்சு அதிகாரி எங்கள் இருவரின் கடவுச்சீட்டையும் புரட்டிப் புரட்டிப் பார்த்து முத்திரை குத்தினார். எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கேட்டார். அக்காவின் கடவுச்சீட்டை விரித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டார். அக்கா எங்களைத் திரும்பிப் பார்த்து, ‘பார்த்தீர்களா, விருந்தாளி’ என்றார். இவர் கண்ணாடிக்கு வெளியே கப்பலைப் பார்த்தார். இவர் அன்று சொன்னது அக்காவின் காதுக்கு எப்படிப் போனதோ.

திரும்பும்போது கலேயில் பிரித்தானிய அதிகாரி. அக்கா கேட்கும் முன்னமே லமினேட் செய்த கடிதத்தையும் சேர்த்து நீட்டினார். அவர் அதைப் பார்க்காமலே திருப்பித் தந்தார், கணினியில் இருக்கிறதாம். வண்டி கப்பலுக்குள் ஏறும்வரை அக்கா கைப்பையின் சிப்பை இரண்டு தரம் திறந்து கடிதம் இருக்கிறதா என்று பார்த்தார்.