முதுகுக்குப் பின்னால் என்ஜின், முன்னால் 48 வளைவுகள்

ஆஸ்திரியாவிலிருந்து இத்தாலிக்குள் இறங்கும் ரெஷன் கணவாயை நோக்கி ஏறிக்கொண்டிருந்தோம். செப்டம்பர் மாதக் காலை. துணிக்கூரையைத் திறந்துவிட்டு, காலுக்கு மட்டும் ஹீட்டரைப் போட்டிருந்தேன். ஃபின்ஸ்டர்மூன்ஸ் பாறைச் சரிவில் சாலை செங்குத்தாகிற இடத்தில் அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"டேய், கால் சில்லுனு இருக்கே. ஹீட்டரை அணைச்சிட்டியா?"

நான் அணைக்கவில்லை. வெப்பமானியைப் பார்த்தேன். எப்போதும் நடுவுக்குச் சற்றுக் கீழே அசையாமல் நிற்கும் முள், நடுவைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. ஒருபக்கம் ஹீட்டரில் குளிர்காற்று, இன்னொரு பக்கம் என்ஜினில் சூடு. இரண்டும் ஒன்றாக வந்தால் பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான்: என்ஜினைக் குளிர்வித்து, அந்தச் சூட்டையே ஹீட்டருக்கும் கொண்டுபோகும் கூலன்ட் திரவம் ஓடும் பாதையில் காற்று மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது கூலன்ட் குறைந்திருக்கிறது. அடுத்து வந்த ஒதுங்கிடத்தில் நிறுத்தினேன்.

இந்த வண்டியில் இது ஏன் நடக்கிறது என்று சொல்ல வேண்டும். என்னுடையது 2001-இல் வந்த டொயோட்டா எம்ஆர்2, மூன்றாம் தலைமுறை. இரண்டே இருக்கை. 1.8 லிட்டர் நான்கு சிலிண்டர் என்ஜின் நம் இருக்கைக்குப் பின்னால், பின்சக்கர அச்சுக்கு முன்னால் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் ரேடியேட்டர் வண்டியின் மூக்கில். அதனால் கூலன்ட் பின்னாலிருந்து முன்னால் போய், குளிர்ந்து, திரும்பப் பின்னால் வர வேண்டும். அதற்காக இரண்டு நீளமான குழாய்கள் வண்டியின் அடிவயிற்றில் ஓடுகின்றன. முன்னால் என்ஜின் இருக்கும் காரில் கூலன்ட் மாற்றுவதுபோல மேலே ஊற்றி மூடிவிட்டால் போதாது. இத்தனை நீளப் பாதையில் எங்கேயாவது ஒரு காற்றுக்குமிழி தங்கிவிடும். சமதளத்தில் அது இருப்பதே தெரியாது. நீண்ட ஏற்றத்தில் வண்டியின் மூக்கு மேலே தூக்கும்போது குமிழி நகர்ந்து ஹீட்டருக்குள் வந்து நிற்கும்.

போன வாரம்தான் ஒரு பட்டறையில் கூலன்ட் மாற்றக் கொடுத்திருந்தேன். ஊற்றி மூடிக் கொடுத்துவிட்டார்கள், காற்றை எடுக்கவில்லை. கிளம்புவதற்கு முன் நானாவது உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். இந்த வண்டியை வைத்திருக்கிறவன் அதைப் பார்க்காமல் மலைக்குக் கிளம்பக் கூடாது.

என்ஜின் மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தோம். சூடாக இருக்கும்போது கூலன்ட் மூடியில் கை வைக்கவே கூடாது, உள்ளே அழுத்தத்தில் இருக்கும் திரவம் முகத்தில் பீய்ச்சும். ஏறக்குறைய ஒரு மணி நேரம். அக்கா கீழே இன் ஆற்றின் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். ஆறியதும் மூடியைத் திறந்து, கையோடு கொண்டுவந்த கூலன்ட்டை ஊற்றினேன். என்ஜினை ஓடவிட்டு ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் 'களக் களக்' என்று குமிழிகள் வெடித்து மட்டம் இறங்கியது. திரும்ப ஊற்றினேன். திரும்ப இறங்கியது. மூன்றாவது முறை மட்டம் அசையவில்லை. அக்கா காற்றுத் துவாரத்தில் கையை வைத்துப் பார்த்து, "வந்துடுச்சு, சூடா வருது" என்றாள். முள் பழைய இடத்துக்கு வந்து நின்றது. பயணம் முடியும்வரை அங்கேயே நின்றது.

சரி, இவ்வளவு தொல்லை இருக்கும்போது என்ஜினை ஏன் நடுவில் வைக்கிறார்கள்?

ஒரு கம்பைத் தோளில் வைத்து, இரண்டு முனையிலும் தண்ணீர்க் குடத்தைத் தொங்கவிட்டுச் சட்டென்று திரும்பிப் பாருங்கள். உடம்பு திரும்பும், குடங்கள் திரும்ப மறுக்கும். அப்புறம் நின்றுவிட்டாலும் அவை உங்களை இழுத்துக்கொண்டு போகும். அதே இரண்டு குடங்களையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்புங்கள். எடை அதேதான், ஆனால் நினைத்தவுடன் திரும்ப முடியும். காரில் இருக்கும் பாரமான பொருள் என்ஜின். அதை நடுவுக்குக் கொண்டுவந்தால் வண்டி அப்படித் திரும்புகிறது. 1930-களிலேயே ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களில் இதைச் செய்துவிட்டார்கள். 1958-இல் அர்ஜென்டினா கிராண்ட் பிரியில் ஸ்டிர்லிங் மாஸ் ஒரு சின்ன கூப்பர் காரில் வென்றார். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டுபவருக்குப் பின்னால் என்ஜின் வைத்த கார் பெற்ற முதல் வெற்றி அது. அடுத்த இரண்டு ஆண்டும் ஜாக் பிராபம் கூப்பரிலேயே உலகப் பட்டம் வென்றார். அதற்குப் பிறகு முன்னால் என்ஜின் வைத்த கார்கள் அந்தப் பந்தயத்தில் நிற்கவில்லை.

சாலைக்கு வந்தபோது இது பெரும்பணக்காரர்களின் பொருளாக இருந்தது. அதைச் சின்ன உருவத்தில் சாதாரண ஆளுக்கும் கொடுத்த வண்டிகளில் ஃபியட் எக்ஸ்1/9-க்கு, அது வந்த 1972-இலிருந்தே தனி இடம் உண்டு. 1984-இல் வந்த முதல் எம்ஆர்2-தான் ஜப்பானில் பெருமளவில் தயாரான முதல் நடு என்ஜின் கார். என்னிடம் இருக்கும் மூன்றாம் தலைமுறை 1999-இல் தொடங்கி 2007-இல் நின்றுபோனது. ஏறக்குறைய 1 டன் எடை, 3.9 மீட்டர் நீளம், 140 குதிரைத்திறன். இன்றைய சாதாரணக் குடும்பக் கார்களிலேயே இதைவிட அதிகத் திறன் கிடைக்கிறது. ஆனால் அவை எதுவும் இப்படித் திரும்புவதில்லை.

டிக்கி கிடையாது. முன்மூடியைத் திறந்தால் ஸ்டெப்னி இருக்கும். பைகள் வைக்க இருக்கைக்குப் பின்னால் பூட்டக்கூடிய இரண்டு பெட்டிகள், அவ்வளவுதான். பெட்டி வேண்டாம், மடங்கும் துணிப்பை ஒன்று மட்டும் என்று அக்காவிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன். வாங்க நினைப்பவர்களுக்கு இன்னொரு விஷயம்: ஆரம்பகால வண்டிகளில் என்ஜினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குள்ளேயே, புகையைச் சுத்தம் செய்யும் சின்ன வினையூக்கிகள் இருக்கும். அவை நொறுங்கினால் துகள்கள் என்ஜினுக்குள் போய் அதையே தின்றுவிடும். வண்டியைப் பார்க்கப் போகும்போது முதலில் அதைக் கேளுங்கள். நிறம், டயர் எல்லாம் அப்புறம்.

இந்த வண்டி வந்த முதல் மாதம் எனக்கு ஒரு பாடம் நடத்தியது. மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம், ஒரு ரவுண்டானா. வேகம் அதிகமில்லை, மணிக்கு நாற்பதுக்குள்தான். வளைவின் நடுவில், கொஞ்சம் வேகமாக வந்துவிட்டோமோ என்று ஒரு சின்ன பயம். வலது கால் தானாக ஆக்சிலரேட்டரை விட்டது. அடுத்த நொடி வண்டி வந்த திசையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. பின்னால் யாரும் வராததால் தப்பினேன். கை நடுக்கம் நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஆக்சிலரேட்டரை விட்டதும் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. பின் டயர்கள் சாலையை அழுத்தும் விசை குறைகிறது. இந்த வண்டியின் எடையில் பாதிக்கு மேல் பின்னால்தான் இருக்கிறது, அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய டயர்களிடமிருந்து அந்த நேரத்தில்தான் நாம் பிடியைப் பறிக்கிறோம். சுலபமாகத் திரும்பும் குணம்தான் சுலபமாகச் சுழலவும் வைக்கிறது. ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை வேண்டாம் என்று சொல்ல முடியாது. அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி: வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறை, உள்ளே போன பிறகு காலை எடுக்காதே. பயம் வந்தால் முக்கியமாக எடுக்காதே.

ரெஷன் ஏரியைத் தாண்டினோம். 1950-இல் நீர்த்தேக்கம் கட்டியபோது மூழ்கிய ஊரின் தேவாலயக் கோபுரம் மட்டும் தண்ணீருக்கு மேலே நிற்கிறது. அக்கா அதை ரொம்ப நேரம் பார்த்தாள், பேசவில்லை. பிறகு மதில் சூழ்ந்த குளூர்ன்ஸ் ஊரைக் கடந்து, பிராட் ஊருக்கு வந்து, ஸ்டெல்வியோ கணவாய்க்கு ஏறும் சாலையில் திரும்பினோம்.

இந்தச் சாலையை 1820 முதல் 1825 வரை, ஆஸ்திரியப் பேரரசுக்காகக் கார்லோ டோனெகானி என்ற பொறியாளர் அமைத்தார். உச்சி 2,757 மீட்டர். பிராட் பக்கத்திலிருந்து ஏறினால் 48 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருக்கும். 48-இல் தொடங்கி, ஏற ஏற எண் குறைந்துகொண்டே போகும். அக்கா எண்ணை உரக்கப் படிக்க ஆரம்பித்தாள்.

டிராஃபோய் ஊரைத் தாண்டும்வரை காடு. ஈரமான பைன் வாசனை, அதோடு முன்னால் போன வண்டிகளின் கிளட்ச் கருகும் வாசனை. மரங்கள் விலகியதும் இடது பக்கம் ஓர்ட்லர் மலை வந்து நின்றது. 3,905 மீட்டர், தலை முழுக்கப் பனி. "உன் வண்டியில மூக்கே தெரியலடா, கண்ணாடிக்கு அப்பறம் நேரா ரோடுதான்" என்றாள் அக்கா. உண்மைதான். முன்னால் என்ஜின் இல்லாததால் பானெட் சட்டென்று கீழே சரிந்துவிடுகிறது. வளைவின் உள்விளிம்பு சக்கரத்துக்கு அருகில் வரும்வரை கண்ணில் இருக்கிறது.

ஒரு வளைவை எப்படி எடுத்தேன் என்று சொல்கிறேன், மற்றவையும் ஏறக்குறைய அதேதான். நேர்ச் சாலையிலேயே பிரேக்கை முடித்து இரண்டாம் கியருக்கு வருகிறேன். தலையைத் திருப்பி மேலே, வளைவு முடியும் இடத்தைப் பார்க்கிறேன், யாரும் இறங்கி வரவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது பிரேக்கில் காலின் எடை மட்டும் கொஞ்சம் மீதி இருக்கும். அது எதற்கென்றால், ஏற்றத்தில் பாரம் பின்னால் சாய்ந்து முன்சக்கரங்கள் லேசாகிவிடும், ஸ்டியரிங்கிலேயே அது தெரியும், ஏதோ கையிலிருந்து கனம் குறைந்ததுபோல. அப்போது அவசரப்பட்டால் மூக்கு வளைவுக்கு வெளியே நழுவும். பிரேக்கின் அந்த மிச்சம் மூக்கை அமுக்கிப் பிடிக்கிறது. மூக்கு உள்ளே திரும்பியதும் கால் ஆக்சிலரேட்டருக்கு மாறுகிறது, முட்டையை மிதிப்பதுபோல மெல்ல, ஆனால் விடாமல். வண்டி என் இடுப்பைச் சுற்றித் திரும்புகிறது. சக்கரம் நேராக ஆக ஆகக் காலை அழுத்துகிறேன், பின்னாலிருந்து என்ஜின் சத்தம் பாறையில் பட்டு இரண்டு காதிலும் திரும்பி வருகிறது. பாரம் எல்லாம் பின் டயர் மேல் உட்கார்ந்திருப்பதால் சக்கரம் வழுக்குவதே இல்லை.

"முப்பத்தொண்ணு" என்றாள் அக்கா.

வலது வளைவுகள்தான் கடினம், உள்பக்கம் செங்குத்தாக ஏறும். எங்களுக்கு முன்னால் போன ஒரு பெரிய வேன், எதிர்த்தடம் முழுவதையும் எடுத்துக்கொண்டுதான் ஒவ்வொன்றிலும் திரும்பியது. இந்தக் குட்டி வண்டி தன் தடத்துக்குள்ளேயே திரும்பிக்கொண்டது. சைக்கிளில் ஏறுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குப் பின்னால் முதல் கியரில் பொறுமையாகப் போய், நேர்ச் சாலை வந்தபோதுதான் தாண்டினேன். தன் காலால் அந்த மலையை ஏறுகிறவர்களுக்கு அந்த மரியாதையைக் கொடுத்தே ஆக வேண்டும்.

கடைசி இருபது வளைவுகள் ஒரே மலைச்சுவரில் மடித்து வைத்ததுபோல் இருக்கின்றன. இங்கே என்ஜின் களைத்துப்போவது தெரிந்தது. இந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிடக் கால் பங்குக்கும் மேல் குறைவு, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத என்ஜினின் திறனும் அதே அளவுக்குக் குறையும். ஆகவே 140 குதிரைகளில் நூறு அளவுக்குத்தான் மிச்சம். அதனால் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இந்தச் சாலையில் வேகம் நேர்க்கோட்டில் இல்லை.

உச்சியில் நிறுத்தி அணைத்ததும் முதுகுக்குப் பின்னால் உலோகம் சுருங்கும் சத்தம், 'டிக், டிக், டிக்'. அக்கா இறங்கி என்ஜின் மூடிமேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக் குளிர் காய்ந்தாள். நான் கூலன்ட் மட்டத்தைப் பார்த்தேன். கோட்டில் இருந்தது.

இறங்கியது உம்பிரைல் கணவாய் வழியாக, ஸ்விட்சர்லாந்து பக்கம். இறக்கத்தில் எல்லாம் தலைகீழ். பாரம் மூக்குக்குப் போய்விடும், பின்பக்கம் லேசாகிவிடும், ரவுண்டானாவில் நடந்தது நடக்க ஏற்ற இடம். அதனால் இரண்டாம் கியரிலேயே என்ஜினைக் கொண்டு வண்டியை இழுத்துப் பிடித்து, வளைவுக்கு ரொம்ப முன்னாலேயே பிரேக்கை முடித்து, நிதானமாக இறங்கினேன். சாந்தா மரியாவில் சாலை சமமானது. அங்கே வண்டியை ஓரம்கட்டிச் சாவியை அக்காவிடம் நீட்டினேன்.

இருபது வருடமாகக் கார் ஓட்டுகிறவள், ஆனால் என்ஜினைப் பின்னால் வைத்து ஓட்டியதில்லை. மியூஸ்டையர் நோக்கிப் போகும் பள்ளத்தாக்குச் சாலையில் முதல் பத்து நிமிடம் பேசவே இல்லை. பிறகு ஒரு நீண்ட இடது வளைவு, நினைத்ததைவிட உள்ளே இறுகியது. அவள் தோள் விறைத்ததைப் பார்த்தேன். நான் வாயைத் திறக்கவில்லை. என்ஜினின் ஒலி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, அதே சுருதியில் வளைவு முழுக்க வந்தது.

"காலை எடுக்கலடா" என்றாள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.