பட்டனை அமுக்கினால் வரி காணோம்: ஒரு விளக்குக் கடையின் வெப்சைட் நாட்குறிப்பு

அக்டோபர் 6, 2025, திங்கள்

நான் வெப்சைட் பார்த்துக்கொடுக்கிற நாச்சியார்கோயில் விளக்குக் கடையின் அண்ணன் காலையிலேயே போன் செய்தார். அவருடைய மச்சான் நியூ ஜெர்சியில் இருக்கிறார். கார் ஷெட்டில் சரக்கை அடுக்கி வைத்து, ஆர்டர் வர வர அங்கிருந்தே பார்சல் அனுப்புகிறவர். ஜூலை முதல் செப்டம்பர் வரைக்குமான விற்பனை வரிக் கணக்கை இந்த மாதம் 20-ஆம் தேதிக்குள் அங்கே தாக்கல் செய்ய வேண்டுமாம். கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் பல ஆர்டர்களில் வரி பூஜ்யம் என்று நிற்கிறது. 20-ஆம் தேதி தீபாவளி வேறு.

"அதான் அம்பது பர்சன்ட் போட்டுட்டானே, இன்னும் என்னம்மா வரி?" என்றார் அண்ணன். ஆகஸ்ட் 27-இல் இருந்து இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா விதித்த தீர்வை அவரைத் தூங்கவிடவில்லை. அது சரக்கு உள்ளே நுழையும்போது இறக்குமதி செய்கிறவர் கட்டுவது. விற்பனை வரியோ விளக்கை வாங்குகிறவர் விலைக்கு மேல் கொடுப்பது. கடைக்காரர் வசூலித்து மாநில அரசிடம் சேர்க்க வேண்டும். "சரி, நீயே பாரும்மா" என்று வைத்துவிட்டார்.

ஒரே விளக்கு, இரண்டு ஆர்டர். அன்னம் வைத்த குத்துவிளக்கு 180 டாலர், அனுப்பும் செலவு 20. நியூ ஜெர்சியில் மாநிலம் முழுக்க ஒரே விகிதம், 6.625 சதவீதம். வரி உள்ள பொருள் என்றால் அனுப்பும் செலவுக்கும் வரி உண்டு. ஆக 13.25 டாலர். முதல் ஆர்டரில் 213.25 வந்திருக்கிறது. இரண்டாவதில் வெறும் 200.

அக்டோபர் 7, செவ்வாய்

பூஜ்யம் எல்லாமே தப்பு என்று நினைத்துவிடக் கூடாது. இன்று பெரும்பாலான நேரம் நியாயமான பூஜ்யங்களைக் கழிப்பதிலேயே போனது.

அமெரிக்காவில் நாடு முழுக்க ஒரே விற்பனை வரி கிடையாது, மாநிலத்துக்கு மாநிலம் வேறு. 2018-இல் வேஃபேர் என்ற ஆன்லைன் நிறுவனத்தின் வழக்கில் அங்கே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, கடை இல்லாத மாநிலங்கள்கூட வெளியூர் ஆன்லைன் வியாபாரியிடம் வரி வசூலிக்கச் சொல்லலாம் என்று ஆனது. ஆனால் விற்பனை ஓர் அளவைத் தாண்ட வேண்டும்; டெக்சாஸில் அது வருஷத்துக்கு ஐந்து லட்சம் டாலர். அண்ணன் அதன் பக்கத்திலேயே இல்லை. ஆகவே டெக்சாஸுக்குப் போன விளக்குக்கு வரி இல்லாதது சரிதான். சரக்கு நியூ ஜெர்சியில் இருப்பதால் அங்கே மட்டும் கண்டிப்பாக வசூலிக்க வேண்டும்.

அப்புறம் புடவை. திருபுவனம் பட்டும் இதே தளத்தில் விற்கிறார்கள். நியூ ஜெர்சியில் உடைக்கு விற்பனை வரி இல்லை. அந்தப் பூஜ்யங்களும் நியாயமானவை.

கழித்தது போக மிஞ்சியதெல்லாம் விளக்கு, எல்லாம் நியூ ஜெர்சி முகவரி, எல்லாமே போனில் சேமித்து வைத்த கார்டையும் முகவரியையும் கொண்டு பணம் கட்டுகிற ஆப்பிள் பே அல்லது கூகுள் பே. அட்டை எண்ணைத் தட்டிப் பணம் கட்டியவர்கள் ஒருவர்கூட இதில் இல்லை. ஆனால் ஆப்பிள் பே ஆர்டர்களிலேயே சிலவற்றுக்கு வரி ஒழுங்காக விழுந்திருக்கிறது. தளத்துக்கு வந்த கோரிக்கைகளைப் பதிந்து வைக்கும் சர்வர் லாகைப் புரட்டினால், அவர்கள் செக்அவுட் பக்கம் வரை வந்து முகவரியை நிரப்பிவிட்டு அங்கே இருந்த பட்டனை அமுக்கியவர்கள். வரி தப்பியது, விளக்குப் படத்துக்குக் கீழேயே இருக்கிற, செக்அவுட் பக்கம் போகாமலே பணம் கட்ட வைக்கிற எக்ஸ்பிரஸ் பட்டனில்.

(எக்செலில் இறக்கினால் நியூ ஜெர்சி ஜிப் கோடுகளின் முன்னால் உள்ள பூஜ்யம் பறந்துவிடுகிறது. அங்கே எல்லாம் 07, 08 என்று தொடங்கும். 08820 என்பது 8820 ஆகிவிட்டதைப் பார்த்து இதுதான் கோளாறு என்று கொஞ்ச நேரம் குதூகலமாக இருந்தேன். இல்லை.)

அக்டோபர் 8, புதன்

கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் சோதிக்க வழி இல்லை. ஆப்பிள் பே இன்னும் இந்தியாவுக்கு வரவே இல்லை. நம் ஊரில் கூகுள் பே என்றால் யுபிஐ. காய்கறிக் கடையில் ஸ்கேன் செய்கிற அதே செயலி. அமெரிக்காக்காரர் பயன்படுத்துவது கார்டைச் சேமித்து வைக்கும் வாலட். என் கணினியில் அந்தப் பட்டன் தெரியவே மாட்டேன் என்கிறது. தளத்தை முதலில் கட்டியவர் சோதித்துப் பார்த்திருந்தாலும் வழக்கமான செக்அவுட்டைத்தான் பார்த்திருப்பார். அதில் எப்போதும் வரி சரியாக வரும்.

மச்சானிடம் ஐபோன் இருக்கிறது. நாளை காலை ஆறரைக்கு வீடியோ காலில் வருவதாகச் சொன்னார். அவருக்கு இன்று இரவு ஒன்பது மணி.

அக்டோபர் 9, வியாழன்

பிடித்துவிட்டேன்.

மச்சான் இன்னொரு போனின் கேமராவைத் தன் ஐபோன் மேல் காட்டிக்கொண்டே விளக்குப் பக்கத்தில் பட்டனை அமுக்கினார். பணம் கட்டத் தேவையில்லை, தொகையைக் காட்டி ஒப்புதல் கேட்கிற ஷீட் திறந்தாலே போதும். விளக்கு 180, ஷிப்பிங் 20, மொத்தம் 200. வரி என்ற வரிசையே இல்லை. "இன்னொரு தடவை முகவரியை மாத்திட்டுத் திரும்ப இதையே எடுங்க அண்ணே" என்றேன். எடுத்தார். அந்த நொடியில் என் பக்க லாகில் ஒரு கோரிக்கை வந்து விழுந்தது. ஊர், மாநிலம், ஜிப் கோடு, நாடு எல்லாம் அதில் ஒழுங்காக இருக்கிறது. தளம் திருப்பி அனுப்பிய பதிலில் வரி: 0.

முகவரி வந்தும் வரி ஏன் வரவில்லை? எங்கள் தளம் ஓடுகிற வூகாமர்ஸ் என்ற ஆன்லைன் கடை மென்பொருளின் அமைப்பில் வரியை எந்த முகவரியை வைத்துக் கணக்கிடுவது என்று ஒரு தேர்வு உண்டு: டெலிவரி முகவரி, பில்லிங் முகவரி (பணம் கட்டுகிறவரின் முகவரி), கடை முகவரி. யாரும் கை வைக்காவிட்டால் டெலிவரி முகவரிதான் இருக்கும். இங்கே யாரோ பில்லிங் முகவரிக்கு மாற்றி வைத்திருக்கிறார்கள். ஆப்பிள் பேயோ, வாடிக்கையாளர் முகத்தைக் காட்டி ஒப்புதல் தருகிற வரைக்கும் முழு பில்லிங் முகவரியைக் கடைக்குச் சொல்லாது. அந்தரங்கம் காக்க அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். அதுவரை எங்கள் தளத்துக்குக் கிடைப்பது டெலிவரி முகவரியின் ஒரு பகுதிதான், தெருவும் கதவு எண்ணும்கூட இருக்காது. நியூ ஜெர்சியில் வரி போட அந்தப் பகுதியே தாராளம். ஆனால் எங்கள் தளம் அதைத் தொடாமல், இன்னும் காலியாக இருக்கிற பில்லிங் கட்டத்தைப் பார்த்து, ஊர் தெரியாதவருக்கு வரி இல்லை என்று முடிவு கட்டுகிறது. எங்கே இறங்குகிறாய் என்று கேட்காமலே டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற கண்டக்டர் மாதிரி.

ஒப்புதல் வந்த பிறகு பில்லிங் முகவரி வந்து சேர்கிறது. அதற்குள் 200 டாலருக்கு ஒப்புதல் ஆகிவிட்டது. அந்தப் பட்டனை இயக்குகிற பிளகின் (தளத்தோடு சேர்த்த துணை நிரல்) அந்தத் தொகையையே ஆர்டராக எழுதிவிடுகிறது. அதற்குப் பிறகு வரியைக் கூட்டி எடுத்தால் இன்னும் மோசம். ஷீட்டில் ஒரு தொகை, வங்கிக் கணக்கில் வேறு தொகை என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார்.

நம் ஊர் விற்பனையில் இது கண்ணில் படவே படாது. இங்கே விலைக்குள்ளேயே ஜிஎஸ்டி இருக்கிறது. விளக்கு திருச்சிக்குப் போனால் மத்திய வரி, மாநில வரி என்று பாதிப் பாதி; பெங்களூருக்குப் போனால் ஐஜிஎஸ்டி. வாங்குகிறவர் கொடுக்கும் தொகை மாறாது. முகவரி மாறினால் மொத்தமே மாறும் என்பது அங்கத்திய கதை.

அக்டோபர் 10, வெள்ளி

தேர்வை டெலிவரி முகவரிக்கு மாற்றினேன். இது ஒட்டுப்போடுகிற வேலை இல்லை, இருந்திருக்க வேண்டிய அமைப்பே இதுதான். டெக்சாஸில் இருக்கும் மகன் தன் கார்டில் விளக்கு வாங்கி நியூ ஜெர்சியில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பினால், பொருள் போய்ச் சேருகிற இடத்து வரிதான் பொருந்தும். பழைய அமைப்பில் சாதாரண செக்அவுட்டில்கூட அந்த மகனிடம் வரி வாங்கியிருக்க மாட்டோம். விளக்கும் புடவையும் பார்சலில் போகிறவை, டெலிவரி முகவரி இல்லாத ஆர்டரே கிடையாது. அதனால் தைரியமாக மாற்றலாம். டவுன்லோடு செய்கிற பொருள் விற்கும் கடையாக இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும்.

மச்சான் போனில் மறுபடி திறந்து பார்த்தோம். வரி 13.25, மொத்தம் 213.25.

அண்ணனுக்கு ஒரு யோசனை: "நம்ம ஊர் மாதிரி விலையிலேயே வரியைச் சேர்த்துப் போட்டுட்டா என்ன?" போடலாம். ஆனால் வரி கட்டத் தேவையில்லாத டெக்சாஸ்காரரிடமும் அதே விலையைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஊருக்கு ஊர் விலை மாறித் தெரியும். அங்கத்திய வாடிக்கையாளருக்கு வரி தனியாகக் கடைசியில் வந்துதான் பழக்கம். வேண்டாம் என்றேன். "அப்ப சரி" என்றார், முழுச் சம்மதம் இல்லாத குரலில்.

அக்டோபர் 13, திங்கள்

சனி, ஞாயிறு ஆர்டர்களில் எல்லாம் வரி இருக்கிறது, ஒன்றைத் தவிர. அதே பட்டன், நியூ ஜெர்சி, விளக்கு. ஆர்டரைத் திறந்தால் மாநிலம் என்ற இடத்தில் என்.ஜெ. என்று ஆங்கிலத்தில் புள்ளி வைத்து எழுதியிருக்கிறது. வரி அட்டவணையில் இருப்பது புள்ளியில்லாத இரண்டெழுத்துக் குறியீடு. தளத்தின் படிவத்தில் மாநிலத்தைப் பட்டியலிலிருந்து எடுப்பதால் இந்தப் பிரச்சினை வராது. வாலட்டில் இருக்கும் முகவரி அவரவர் போனில் எப்போதோ கையால் தட்டியது. சிலர் மாநிலப் பெயரை முழுதாக எழுதுவார்கள், சிலர் சின்ன எழுத்தில். வாலட்டிலிருந்து வரும் மாநிலத்தைக் குறியீடாக மாற்றிவிட்டு அதற்குப் பிறகு வரி போடும்படி ஒரு சின்ன நிரல் எழுதிச் சேர்த்தேன். புள்ளி, இடைவெளி, முழுப் பெயர் எல்லாவற்றையும் அது தாங்கும்.

அக்டோபர் 16, வியாழன்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. குறுவை நெல்லைக் களத்தில் கொட்டி வைத்திருப்பவர்கள் பாடு திண்டாட்டம். அண்ணனின் சித்தப்பா தார்ப்பாய் தேடி அலைகிறாராம். அதனால் வரிப் பேச்சு ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

வசூலிக்காமல் விட்ட வரி யார் தலையில்? அங்கத்திய ஆடிட்டர் மச்சானிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்: வாங்கினாயோ இல்லையோ, கட்ட வேண்டியது விற்றவர். வாங்கியவர்களுக்கு மெயில் போட்டுக் கேட்கலாமா என்று மச்சான் இழுத்தார். நல்ல நாளும் அதுவுமாகப் பதின்மூன்று டாலருக்காகக் கையேந்தினால் அவர்கள் அடுத்த விளக்கை வேறு இடத்தில் வாங்குவார்கள். கைக்காசைப் போட்டே கட்டுவது என்று அண்ணன் முடிவு செய்தார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. விடுபட்ட ஆர்டர்களைத் தேதி, தொகை, வரியோடு பிரித்து அனுப்பிவிட்டேன். புடவை தனி ஷீட்டில்.

அக்டோபர் 18, சனி

விற்பனை வரிக் கணக்குக்கான எஸ்டி-50 படிவம் ஆன்லைனில் போய்விட்டது, பணமும் கட்டியாகிவிட்டது. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னதாக.

பிளகினை அடுத்து அப்டேட் செய்யும்போது என் நிரலோடு அது ஒத்துப்போகுமா என்று உத்தரவாதம் இல்லை. ஆகவே தினமும் ராத்திரி ஒரு சோதனை ஓடும்படி வைத்திருக்கிறேன். ஜிப் கோடு 07 அல்லது 08-இல் தொடங்கி, ஆர்டரில் விளக்கும் இருந்து, வரி பூஜ்யமாக இருந்தால் மெயில் வரும். மாநிலப் பெயரை இதில் நான் நம்பவில்லை.

அண்ணனிடம் சொன்னேன். "மெயிலெல்லாம் யாரும்மா பார்க்கிறா, வாட்ஸ்அப்புல போட்டுவிடு" என்றார். தீபாவளி கழித்துச் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன், தனிக் கட்டணத்தில்.