ஹியூமின் பறவைகள்

பள்ளிப் பாடத்தில் ஏ. ஓ. ஹியூம் என்றால் 1885, காங்கிரஸ், அவ்வளவுதான். ஆனால் அந்த மனிதருக்குப் பித்து பறவைகள் மேல். 1872இல் இந்தியப் பறவைகளுக்கென்றே ஓர் ஆய்விதழ் தொடங்கி நடத்தினார். சிம்லாவில் இருந்த ரோத்னி காஸில் என்ற தன் வீட்டையே அருங்காட்சியகமாக்கினார். பாடம் செய்த பறவைகளும் முட்டைகளுமாகச் சேர்த்தது 80,000-க்கு மேல்!

அப்புறம் விழுந்தது இடி. அவர் ஊரில் இல்லாத நேரம், வேலைக்காரர் ஒருவர் பல வருடக் கையெழுத்துப் பிரதிகளைக் கடைத்தெருவில் பழைய பேப்பர் விலைக்குப் போட்டுவிட்டார். எழுத நினைத்த பெரிய நூல் அதோடு போச்சு. மனம் வெறுத்து, சேகரிப்பு முழுவதையும் லண்டன் அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார். இங்கேயே இருந்திருக்கலாம் என்று எனக்கு இன்னும் ஆதங்கம்தான்.

பிறகு இங்கிலாந்து போய்ச் செடிகொடி பக்கம் திரும்பினார். 1910இல் தென் லண்டனில் தாவரவியல் கழகம் ஒன்றை நிறுவினார். அது இன்றும் இயங்குகிறது.